சொல்தாவின் ஓட்டு

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்ற வந்த என் லாரி வரிசையில் நிற்கிறது. நான் எதிரே டீக்கடையில் டீ குடிக்கிறேன். பக்கத்தில் ஒரு பெரியவர் செல்போனில் பிரான்சுச் செய்தி பார்க்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இங்கே அவர்களைச் சொல்தா என்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதால் அந்த நாட்டுத் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார். மகனும் அதே பட்டாளத்தில்தான்.

“உக்ரைன் சண்டை எப்பங்க முடியும்?” என்று கேட்கிறேன்.

“இப்பவே நிறுத்தணும் தம்பி. அடுத்தவன் சண்டையில நமக்கென்ன வேலை?”

டீக்கடைக்காரர் சிரிக்கிறார். “என்னங்க சொல்தா, உக்ரைனைக் கடைசி வரைக்கும் கைவிடக்கூடாதுன்னு சொன்ன கட்சிக்குத்தானே போன தடவ ஓட்டுப் போட்டீங்க? நிறுத்தணும்னு சொன்ன என்னையக் கோழைன்னீங்களே!”

“அப்ப எம் மவன் பாரிசுல பட்டாளத்துச் சமையக்கட்டுல இருந்தான்யா.”

“இப்ப?”

“ருமேனியாவுல. உக்ரைன் எல்லைக்குப் பக்கம்.”

கடைக்காரர் சிரிப்பை விட்டுவிட்டு அவருக்கு இன்னொரு டீ போடுகிறார்.

“மகன் என்ன சொல்றாருங்க?” என்கிறேன்.

பெரியவர் செல்போனை அணைக்கிறார்.

“கைவிடக்கூடாதுங்கிறான். நான் சொல்லித்தான் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட ஆரம்பிச்சான். இப்ப மாத்திப் போடுடான்னா, என்னையக் கோழைங்கிறான்.”