பியாலி வீட்டு வெள்ளிக்கிழமை

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரத்தில் காலிங் பெல். கீழ் ஃப்ளாட் செல்வி நின்றுகொண்டிருந்தார். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடியிலிருந்து வங்காளத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது.

“அக்கா, நாளைக்கு உங்க ஹாலக் கொஞ்சம் தருவியளா? கீர்த்தனா கிளாஸ் நம்ம வீட்டுல வச்சு நடக்கணுமாம். எங்க வீட்டுல சோபா அடைச்சுக்கிட்டு கெடக்கு. பன்னெண்டு பிள்ளைய எங்கன உக்காத்தி வைக்க?”

கீர்த்தனா அவர் மகள். எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் இருக்க, வகுப்பு எதற்கு வீட்டில் நடக்க வேண்டும்?

அந்தப் பள்ளிக்கு இந்த வருடம் நேரம் சரியில்லை. முதலில் வெயிலுக்காக நீண்ட லீவு. பிறகு மழை. மழையில் ஒரு தூணில் விரிசல். இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டுக் கட்டடத்தையே காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆன்லைன் வகுப்பு என்றதும் பெற்றோர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். அந்தக் கூத்தைத்தான் ஒருமுறை பார்த்தாயிற்றே...

பள்ளி யோசித்தது. பிள்ளைகளை ஏரியா வாரியாகப் பிரித்தது. தினம் ஒரு மாணவர் வீட்டில் வகுப்பு. சுருட்டிய போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு டீச்சர் பஸ்ஸில் வந்துவிடுவார். எங்கள் ஏரியாவான டாக்குரியாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு ஷர்மிஷ்டா மிஸ்.

நல்ல யோசனைதான். ஆனால் ஒரு விஷயத்தைப் பள்ளி மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா அனுப்ப நமக்கும் தெரியாது, வங்காளிகளுக்கும் தெரியாது.

என் ஹாலில் மிஸ் தாவர செல்லைப் பற்றிப் பாடம் நடத்தினார். பாதி செல் வரைந்திருப்பார், அதற்குள் செல்வியின் இட்லியும் சாம்பாரும் வந்துவிட்டன. மறுநாள் ஒரு வீட்டில் லுச்சி என்ற மைதா பூரி, தொட்டுக்கொள்ள ஆலூர் தம் என்ற உருளைக்கிழங்குக் கறி. அதற்கடுத்த வீட்டில் மீன் ஃப்ரை. வெள்ளிக்கிழமை பாயேஷ், அதாவது அவர்கள் ஊர்ப் பாயசம் வரைக்கும் போய்விட்டது. தண்ணீர் தவிர எதுவும் தரக்கூடாது என்று பள்ளியிலிருந்து சர்குலர் வந்தது. சனிக்கிழமை வீட்டில் தண்ணீரோடு ஆளுக்கு இரண்டு சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்கள். வெறும் தண்ணீரை எப்படி நீட்டுவது என்பது அவர்கள் வாதம். வங்காளத்தில் இதற்கு அப்பீல் கிடையாது.

இந்தப் பன்னிரண்டு பேரில் பியாலி என்று ஒரு பெண். ஃபீஸ் சலுகையில் படிக்கிறாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு இரண்டு வீட்டில் சமையல் வேலை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. என் ஹாலில் நடந்த வகுப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் முதல் ஆளாகக் கையைத் தூக்கியவள் அவள்தான்.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை அவள் வீட்டு முறை. எனக்குத்தான் எதிலும் மூக்கை நுழைக்காமல் இருக்க முடியாதே. மிஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“பாவம், ரொம்பச் சின்ன வீடு. அந்தப் பொண்ணுக்குச் சங்கடமா இருக்கும். அன்னிக்கும் எங்க வீட்டுலயே வச்சுக்குங்களேன்.”

மிஸ்ஸுக்கும் அது சரியென்று பட்டது. திங்கட்கிழமை வாட்ஸ்அப் குரூப்பில் புது லிஸ்ட் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு நேரே பியாலியின் பெயர் போய் என் முகவரி. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் எனக்கு நானே இன்னொரு காபி போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பியாலி வரவில்லை. புதன் வரவில்லை. வியாழனும் இல்லை. மிஸ் அவள் அம்மாவுக்கு போன் போட்டால், “இனிமே அந்த ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா மிஸ், என்னன்னே சொல்ல மாட்டேங்குறா” என்று அழுகை.

பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் — இந்த வருடம் பள்ளி போட்டிருக்கும் விதி. திட்டக் கூடாது. என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வியாழன் மாலை மிஸ் கிளம்பினார். கீர்த்தனா சொல்லி விஷயம் தெரிந்து நானும் கூடப் போனேன்.

பியாலி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மிஸ் கேட்டார். அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். இரண்டு லோக்கல் டிரெயின் போகும் வரை மிஸ் சும்மாவே உட்கார்ந்திருந்தார். நானாக இருந்தால் அதற்குள் நாலு அட்வைஸ் கொடுத்திருப்பேன்.

“என் பேரை ஏன் எடுத்தீங்க, மிஸ்?” என்றாள் பியாலி கடைசியில். “எல்லார் வீட்டுக்கும் நான் போறேன். எங்க வீட்டுக்கு மட்டும் யாரும் வர வேண்டாம்னா, நான் எதுக்கு வரணும்?”

அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. மூலையில் இரவல் வாங்கிய பாய்கள். ஸ்கூலே நம்ம வீட்டுக்கு வருது என்று அம்மா சந்து முழுக்கச் சொல்லியிருக்கிறார். சமைக்கும் இரண்டு வீட்டிலும் வெள்ளிக்கிழமைக்கு லீவு வேறு சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

மிஸ் விளக்கமெல்லாம் சொல்லவில்லை. “தப்பு எங்க மேல” என்றார். அங்கேயே நின்று பிரின்சிபாலுக்கு போன் செய்தார். பத்து நிமிடத்தில் லிஸ்ட் மறுபடியும் மாறியது. எத்தனை ஆபீஸ்களில் இது நடக்கும்? ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தவே நம்மை ஆறு மாதம் அலைய விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை கட்டில் சந்துக்குப் போனது. அறைக்குள் எட்டுப் பேர், வாசலில் நாலு பேர். ஜன்னல் கம்பியில் போர்டு. கணக்குப் பாடம். டிரெயின் வந்தபோதெல்லாம் மிஸ் நிறுத்தினார், போனதும் தொடர்ந்தார். சந்தில் குழாயடிச் சத்தம்கூடக் குறைந்திருந்தது. பியாலி பழையபடி கையைத் தூக்கித் தூக்கி மிஸ்ஸை ஒரு வழி செய்தாள்.

உதவப் போகிறவர்கள், வேண்டுமா என்று சம்பந்தப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? அறுபது வயதுக்கு மேல் எனக்கு இந்தப் பாடம் நடக்கிறது.

வகுப்பு முடிந்ததும் பியாலியின் அம்மா, வேடிக்கை பார்க்கப் போயிருந்த என் கையில் டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எங்க வீடு சின்னதுன்னு யாரோ மிஸ்கிட்ட சொல்லியிருக்காங்க, தீதி. யாரா இருக்கும்?”

“டீ ரொம்ப நல்லாருக்கு” என்றேன்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.