அடித்த வரிக்கு மேலே

நரின் ஊருக்கு மேலே, கணவாயிலிருக்கும் வானிலை நிலையத்தில் புருல்சாவுக்கு இது பதினோராவது குளிர்காலம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே போய் வெப்பம், காற்று, பனியின் ஆழம் எல்லாம் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, வயர்லெஸ்ஸில் கீழே சொல்ல வேண்டும். இரண்டு பேர் செய்யும் வேலை. கூட இருந்தவள் அக்டோபரில் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போனாள், திரும்பவில்லை. அதன் பிறகு புருல்சா கேட்ட மனிதக் குரல் வயர்லெஸ்ஸில் வருவதுதான். அதுவும் பெரும்பாலும் எண்கள்.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுத வேண்டும். அடித்ததும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

ஜனவரிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, இன்னொரு ஆள் எப்போது வரும் என்று கீழே இருக்கும் அதிகாரி தொக்தோசுனிடம் வயர்லெஸ்ஸில் கேட்டாள்.

"வசந்தம் வரட்டும் பாக்கலாம். நீ ஒருத்தியே பத்துப் பேருக்குச் சமம்."

இரண்டு வாரம் முன்பும் இதையேதான் சொன்னார். அன்று, "அப்போ பத்துப் பேருக்கும் ரொட்டி அனுப்புங்க அண்ணே" என்று சிரித்தாள். இன்று அழுதபடியே, "அடுத்த வண்டியில நான் இறங்கிடறேன்" என்று கத்தினாள். அது போதாமல் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில், 'வேலையை விடுகிறேன்' என்று எழுதினாள்.

அவரும் விடவில்லை. "வியாழக்கிழமை நிலக்கரி வண்டி வருது. பெட்டியக் கட்டிக்கோ. வசந்தம் வரைக்கும் நிலையத்தப் பூட்டிப் போட்டுடறேன்."

புதன் காலை மாதவிலக்கு வந்தது. வழக்கம்போலப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்தாள். மனம் இலேசாகியிருந்தது. பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். டிசம்பர்ப் புள்ளிக்கு மூன்று நாள் முன்பு: 'அடுப்புக் குழாயை உதைத்தேன்.' நவம்பர்ப் புள்ளிக்கு நான்கு நாள் முன்பு: 'யாருக்கும் என் நினைப்பில்லை.' மற்ற நாட்களிலும் அதே குளிர், அதே தனிமை, அதே தொக்தோசுன். குறிப்புப் பத்தி மட்டும் காலி. காற்றழுத்தமானியில் பாதரசம் இறங்கினால் காற்று வரும் என்று இத்தனை வருடம் சொன்னவள், இதைக் கவனித்ததில்லை.

வெட்கமாக இருந்தது. கட்டிய பெட்டியைப் பிரித்தாள். அப்போது எதிரே, விரிப்பில்லாத இன்னொரு கட்டில் கண்ணில் பட்டது. அது காலியாகக் கிடப்பது உடம்பின் வேலை இல்லை.

வயர்லெஸ்ஸில் தொக்தோசுன் கேட்டார்: "கோபம் தணிஞ்சுதா?"

"தணிஞ்சிடுச்சு அண்ணே. வண்டியில நிலக்கரிய மட்டும் இறக்கச் சொல்லுங்க."

"அப்படி வா. ஆளு கேக்கறதையும் விட்டுடு."

"கோபம்தான் போச்சு. ஆளு இன்னும் வரலையே."

அவர் பேசுமுன் அவளே தொடர்ந்தாள்:

"மார்ச் முடியறதுக்குள்ள வரலைன்னா இறங்கிடுவேன். இன்னைக்கு அழாம சொல்றேன், எழுதிக்கோங்க."

"எழுதிக்கிட்டேன்." அடுத்து, "காத்து எவ்வளவு?" என்றார்.

சொன்னாள். பிறகு 'வேலையை விடுகிறேன்' என்ற வரியை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'இரண்டாவது ஆள் தேவை' என்று எழுதினாள். மார்ச் முடிவதற்குள் அந்தக் கோப நாட்கள் இன்னும் இரண்டு தடவை வரும். பிப்ரவரிப் பக்கத்தைத் திருப்பி, புள்ளி விழ வேண்டிய இடத்துக்கு நான்கு நாள் முன்னதாக ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டு வைத்தாள்.