அட்டையில் இல்லாத டிரம்மர்

துரைக்கண்ணு ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருத்தணி பைபாஸுக்குப் பின்னால் வீடு. மனைவி ரஞ்சிதம், ஜெராக்ஸ் கடை நடத்தும் மகள் கனிமொழி என்று சின்னக் குடும்பம். தெருவில் அவருக்குக் கோபக்காரர் என்று பெயர். கிருத்திகை அன்று வாசலை அடைத்து வெளியூர்க்காரன் வண்டி நிறுத்தினால், அவன் மலையிலிருந்து இறங்கி வரும்வரை வண்டிப் பக்கத்திலேயே நிற்பார். மற்ற நேரமெல்லாம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு எதையோ கேட்டபடி இருப்பார். பக்திப் பாட்டு என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் கேட்டது ராக். அதிலும் புரோகிரெஸிவ் ராக் என்கிற வகை. ஒரே பாட்டு இருபது நிமிடம் ஓடும், நடுவில் தாளம் நாலைந்து முறை மாறும், பாடுகிறவன் காணாமல் போய்விட்டுக் கடைசியில்தான் திரும்புவான். எழுபதுகளில் ஹங்கேரியிலும் சிலியிலும் ஜப்பானிலும் ஒரே ஒரு ரெக்கார்டு போட்டுவிட்டு யாரும் கண்டுகொள்ளாமல் கலைந்துபோன குழுக்களை அவர் யூடியூபில் தேடிக் கேட்பார். குழுக்களின் அந்த ஊர் மொழிப் பெயர்களை வாசிக்க வராது. அட்டைப் படத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார்.

போன வருஷம் வெயில் காலத்தில் ஒரு மத்தியானம், ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த அட்டை தானாக வந்து நின்றது. கார் ஷெட்டின் முன்னால் ஐந்து பையன்கள். மேலே ‘பேப்பர் லைட்ஹவுஸ்’ என்று பெயர். ‘மெட்ராஸின் தொலைந்துபோன அதிசயம், 1979’ என்று கீழே போட்டிருந்தது. அந்த கார் ஷெட்டைத் தினமும் கூட்டிப் பெருக்கியவர் துரைக்கண்ணு.

மணவூர் பக்கம் கரும்பு வெட்டப் போகும் குடும்பம் அவருடையது. பதினெட்டு வயதில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பங்களாவுக்கு வேலைக்குப் போனார். அந்த வீட்டுப் பையன் வரதராஜன் கிதார் வாசிப்பான். அவனுடைய அத்தை மகன் டிரம்ஸ். மற்ற மூன்று பேரும் கல்லூரிச் சிநேகிதர்கள். வெளிநாட்டு ரெக்கார்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதுபோல வாசிக்கப் பார்ப்பார்கள். ஏழு எண்ணிக்கையில் தாளம் வந்தால் அத்தை மகனுக்கு உதறிவிடும். அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் துரைக்கண்ணு உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பார். தப்பும், மறுபடி எண்ணுவார். எண்ணிக்கை கைக்கு இறங்கச் சில மாதம் பிடித்தது. ஒருநாள் வரதராஜன் கதவோரம் நின்று கேட்டுவிட்டான். “டேய், இன்னொரு வாட்டி அடி” என்றான். அன்றிலிருந்து அத்தை மகன் சும்மா வேடிக்கை பார்க்க மட்டும் வந்தான்.

ரெக்கார்டில் தொடக்கம் முதல் முடிவு வரை டிரம்ஸ் வாசித்தது துரைக்கண்ணுதான். அட்டைக்குப் படம் எடுத்த அன்று அவரை டிபன் வாங்கிவர அனுப்பினார்கள். பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது அத்தை மகன் டிரம்ஸின் பின்னால் உட்கார்ந்திருந்தான். கேமராக்காரர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

ரெக்கார்டு விற்கவில்லை. குழு கலைந்தது. துரைக்கண்ணுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. ரெக்கார்டின் ஒரு பிரதிகூட அவர் கைக்கு வரவில்லை. தான் வாசித்ததை ஸ்டுடியோவில் கேட்டதோடு சரி.

இப்போது கேட்டார். இரண்டாம் பாட்டில் ஒரு இடத்தில் அவர் அரை நொடி முன்னால் நுழைந்திருப்பார். திரும்ப எடுக்கலாம் என்றதற்கு நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பிழை அப்படியே இருந்தது. அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு கீழே இருந்த கருத்துகளை எழுத்துக் கூட்டிப் படித்தார். யார் இந்த டிரம்மர் என்று எந்தெந்த நாட்டுக்காரர்களோ கேட்டிருந்தார்கள். உலகம் மறந்த மேதை என்று ஒருவர். வீடியோ போட்டவர் எல்லோருக்கும் பதில் சொல்லியிருந்தார். அட்டையில் போட்டிருந்த அத்தை மகனின் பெயர், அவன் அமெரிக்காவில் இறந்துபோன செய்தி, ஓர் அஞ்சலி.

துரைக்கண்ணு செருப்புகூடப் போடாமல் மகளின் கடைக்கு நடந்தார்.

“இன்னா நைனா, இப்டி மூச்சு வாங்கிகினு வர்றே?”

“இதுல எழுது.”

“இன்னான்னு?”

“இந்த டிரம்ஸ் அடிச்சது நான்னு எழுது.”

கனிமொழி போனை வாங்கிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் டிரம்ஸ் வாசிப்பார் என்பதே அவளுக்குத் தெரியாது. விவரம் எல்லாம் சொன்ன பிறகு, “இத்தினி வருஷமா எங்ககிட்ட ஏன் சொல்லல?” என்றாள்.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

அவளால் உடனே ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அதுவும் அவருக்குக் கோபம்.

அவள் எழுதினாள். பலர் சிரித்தார்கள். என் தாத்தாவும்தான் வாசித்தார் என்று ஒருவன் எழுதினான். ஆனால் அந்த அரை நொடிப் பிழையைப் பற்றி அவள் எழுதியதைப் படித்துவிட்டு, வீடியோ போட்டவரே ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்தார். இளம்பரிதி என்று பெயர், முப்பது முப்பத்தைந்து வயது, பழைய ரெக்கார்டு சேகரிப்பவர். அந்த ரெக்கார்டை மறுபடி அச்சிட வெளிநாட்டில் ஒரு கம்பெனி கேட்டிருப்பதாகச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், நம்பினார். பிறகு கேமராவை எடுத்தார்.

“ஐயா, வயல் பக்கமாப் போயிடலாமா? கையில ஒரு பறை வச்சிகினு நீங்க நடந்து வர்ற மாதிரி. அந்த ரத்தத்துல ஊறின தாளம்தானே இதுல வந்திருக்கு.”

“எங்க வூட்டுல யாரு பறை அடிச்சாங்க?”

இளம்பரிதி கேமராவைத் தாழ்த்தினார்.

“எங்கப்பன் கரும்பு வெட்டினாரு. யார் வூட்டுலயும் யாரும் எதுவும் அடிக்கல. நீ என் ஊரைக் கேட்ட, தெருவைக் கேட்ட, நீயே பறையக் கொண்டாந்து கையில குடுத்துட்ட. பறை ஒண்ணும் கொறைஞ்சது இல்லபா. ஆனா நான் அடிச்சது அது இல்ல. ஒரு ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக் கத்துக்கினேன். அவுங்க கத்துக்கினா படிப்பு, நான் கத்துக்கினா ரத்தமா?”

ரஞ்சிதம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இளம்பரிதி கேமராவைப் பைக்குள் வைத்தார். “தப்புங்கய்யா” என்றார். பிறகு வரதராஜனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஆமா, துரைதான் வாசிச்சான்” என்றது மறுமுனை, வெகு சாதாரணமாக. “எங்க எல்லாருக்கும் தெரியுமே. யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

அவர் மறுத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. துரைக்கண்ணு எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த மாதம் வரதராஜன் குடும்பத்தோடு மலைக்கு வந்தார். தரிசனம் முடித்து, மகனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு தனியாக வீட்டுக்குள் நுழைந்தார்.

“டேய் துரை, எப்டிடா இருக்கே?”

“ஆங், உக்காருங்க வரதராஜன்.”

சின்னய்யா என்றே கேட்டுப் பழகிய வரதராஜனுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. ரஞ்சிதம் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, “அந்தக் காலம் அப்படி. மனசுல வச்சிக்காதே. புது ரெக்கார்டுல உனக்கு நன்றின்னு போடச் சொல்லிட்டேன்” என்றார்.

“நன்றி எதுக்கு? டிபன் வாங்கியாந்ததுக்கா?”

“துரை...”

“வாசிச்சவன் பேரு வாசிச்ச எடத்துல வரணும். என் பேரு மட்டும்.”

“அவன் செத்துட்டான்டா. செத்தவன் பேரை எடுக்கச் சொல்றியா?”

“எடுக்கத்தான் சொல்றேன். செத்துட்டா வாசிச்சவனாயிடுவானா? அவன் உயிரோட இருந்தப்ப நீங்க சொல்லியிருக்கணும். நான் டிபனோட வந்து நின்னப்ப சொல்லியிருக்கணும். யாரும் கேக்கலன்றீங்களே, நான் நின்னுகினு இருந்தனே, அது கேள்வி இல்லியா?”

வரதராஜன் சொம்பைக் கீழே வைத்தார். “மன்னிச்சிடு” என்றார்.

“முடியல. வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்புங்க.”

கார் போன பிறகும் துரைக்கண்ணு வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பெரிய மனுஷனை இப்படிப் பேசிவிட்டாயே என்று ரஞ்சிதம் சொல்லவில்லை. சொம்பை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ரெக்கார்டின் உரிமை வரதராஜனிடம் இருந்தது. அத்தை மகன் பெயரை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. இரண்டு பெயரையும் போடலாம் என்றார். மறுபடி அச்சிடத் தேவையான, நல்ல நிலையில் இருந்த ஒரே பிரதி இளம்பரிதியிடம் இருந்தது. பெயர் சரியாக வந்தால்தான் தருவேன் என்று அவர் சொல்லிவிட்டார். இழுபறி தை மாதம்வரை போனது. கடைசியில் வரதராஜன் இறங்கி வந்தார். மனசு மாறியா, சலித்துப் போயா, தெரியவில்லை.

பார்சல் ஜெராக்ஸ் கடைக்கு வந்தது. பின்பக்கத்தில் ‘டிரம்ஸ்: துரைக்கண்ணு’ என்று இருந்தது. ரத்தம், வயல், பறை ஒன்றும் இல்லை. முன்பக்கத்தில் அதே படம், அதே ஐந்து பேர். கனிமொழிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நைனா, கடையில மாட்டவா?”

“அந்த மூஞ்சிங்களைத் தெனமும் நான் பாக்கணுமா?”

“பேருதான் போட்டாச்சே. இன்னும் இன்னா கோவம்?”

“பேரு போட்டா கோவம் போயிடணும்னு எவன் சொன்னான்?”

அவள் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் தெரியும்படி கண்ணாடி போட்டு மாட்டினாள். ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள் என்னவோ என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். துரைக்கண்ணு சாயங்காலம் கடைக்கு வந்தால், அதைப் பார்க்காதவர்போல ஸ்டூலை இழுத்துப்போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார்.