கரிசல் என்று நினைத்த கறுப்பு

பிள்ளைகளே, நான் அரியலூரில் வாடகை ஜீப் ஓட்டுகிறேன். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த ஒரு மழைக்காலத்தில், சேதம் பார்க்க வந்த சார் ஒருவரை ஏலாக்குறிச்சிப் பக்கம் கூட்டிப்போனேன். மேகத்துக்கு மேலேயிருந்து செயற்கைக்கோள் ரேடாரால் எடுத்த படம் ஒன்று அவரிடம் இருந்தது. ஆபீஸில் எழுதிக் கேட்டு வாங்கினாராம்.

சார் பின்சீட்டில் அசந்து தூங்கினார். நான் வழி பார்க்கப் படத்தை எடுத்தேன். எங்கள் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய கறுப்புத் திட்டு. பருத்தி போடும் கரிசல் காடு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து மண்ணே கறுப்புதானே.

இருட்டிக்கொண்டு வந்தது. தவளைச் சத்தம்கூட இல்லை. ஹெட்லைட்டைப் போட்டேன். வெளிச்சம் முன்னால் நீண்டு போனது, ஆனால் எதன்மேலும் விழவில்லை. பயந்து பிரேக்கை மிதித்தேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று சார் விழித்தார்.

"முன்னால ரோட்டைக் காணோம் சார்."

இறங்கி ஒரு மண்ணாங்கட்டியை வீசினேன். 'தொபுக்' என்றது.

கரிசல் கதையைச் சொன்னதும் சார் படத்தைப் பார்த்தார். "ரேடாருக்கு நிறம் தெரியாதுங்க. ரேடியோ அலையை அனுப்பும். திரும்பி வர்றதை வச்சுப் படம் போடும். அசையாத தண்ணி கண்ணாடி மாதிரி அந்த அலையை அந்தப் பக்கம் தள்ளிடும். ஒண்ணும் திரும்பி வராத எடம்தான் கறுப்பு."

"என் லைட்டும் அப்படித்தான் போச்சுங்களா?"

"ஆமா. நாமளும் போயிருப்போம்."

இப்போதெல்லாம் மழைநாளில் வெளிச்சம் விழாத இடத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறேன். வீசிப் பார்க்க மண்ணாங்கட்டி ஒன்று சீட்டுக்கடியிலேயே இருக்கிறது.