இடது கைப் பாட்டு

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சிதம்பரத்தில் காலை ரயிலைப் பிடிக்க ஓட்டம், திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம், வகுப்புக்குள் போனால் பெஞ்சுகளுக்கு நடுவே ஓயாத நடை. டீச்சருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் என் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும்.

அறுபதுகளின் நடுவில், பிரசவ லீவில் போன டீச்சர் திரும்பி வராததால் எனக்குக் கிடைத்த தற்காலிக வேலை அது. டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் கோடை விடுமுறையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கோ அந்த வேலை போனால் வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணப் பேச்சு.

ஐந்தாம் வகுப்பு. செய்யுள் நேரம் வந்தால் பிள்ளைகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு ஒரே குரலில் கத்துவார்கள். நடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள், "நீங்களே ஒரு பாட்டு எழுதுங்க" என்றேன். எல்லார் தாளிலும் நிலா, தாமரை, தமிழன்னை. தாமரையை எங்கே பார்த்தாய் என்று ஒருத்தியைக் கேட்டேன்.

"புஸ்தகத்துல டீச்சர்."

பார்க்காததை எழுதக் கூடாது என்று சட்டம் போட்டேன். அப்புறம் பாருங்கள், மீன்காரம்மாவின் சண்டை வந்தது, ரயில்வே கேட் வந்தது. ஒருவன் தன் வீட்டு ஆடு பீடிக்கட்டைத் தின்ற கதையைப் பாட்டாக எழுதிவிட்டான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று அவனை விடவில்லை. இந்தக் குஷியில் பாடப் புத்தகச் செய்யுள் பாதியில் கிடந்தது. நினைத்தாலே எனக்குப் படபடப்பாக இருக்கும். ஆனாலும் மறுநாள் பாட்டுத்தான் எழுதுவோம்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் ஹெட்மாஸ்டர் வகுப்புக்கு வந்தார். பள்ளிக்கூடங்களில் கமுக்கமாக நடக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"ஐயா கேள்வி கேட்டா எல்லாரும் கையத் தூக்கணும். தெரிஞ்சவுங்க சோத்துக்கை. தெரியாதவுங்க பீச்சாங்கை. டீச்சர் சோத்துக்கையா பாத்து எழுப்புவாங்க. புரியுதா?"

நான் வாயைத் திறந்தேன். "ஜாஸ்தி பேசாதம்மா, காரியம் முடியட்டும்" என்று போய்விட்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் செய்யுள் கேட்டார். அத்தனை பேரும் கை தூக்கினார்கள், பாதிக்கு மேல் இடது. நான் வலது கை தேடுவதற்குள் அவரே விரலை நீட்டிவிட்டார். இடது கையைத் தூக்கியிருந்த பெண் எழுந்தாள். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா சிங்கப்பூரில் கடையில் வேலை பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பிறகு கணீரென்று சொன்னாள்:

"அத்தா வந்தா பெட்டி வரும்,
பெட்டி தொறந்தா செண்ட்டு வாசம்.
வாசம் போறதுக்குள்ள
அத்தா போயிட்டாங்க."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் புரட்டினார். "இது எந்தப் பாடத்துல வருது?"

"எங்க வூட்ல சார்."

யாரும் சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னாள். அவர் புத்தகத்தை மூடிவிட்டார். வேலை நிலைத்துவிட்டது என்றே நம்பினேன். ரிப்போர்ட்டில் என் வகுப்புக்கு ஒரே வரிதான் இருந்தது, மனப்பாடம் போதாது என்று. இரண்டு தரம் கேட்டு ரசித்த மனுஷன் எழுதிய வரி! இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக இருக்கிறது.

வேலை போயிற்று. அங்கே என் கடைசி நாள், மணி அடித்ததும் பையை எடுக்கப் போனேன். மனசு கேட்கவில்லை. "யாராவது ஒரு பாட்டு சொல்லுங்க, கேட்டுட்டு ஓடிடறேன்" என்றேன்.

எல்லாரும் கை தூக்கினார்கள். ஒன்றுகூட வலது கை இல்லை.

"ஒருத்தருக்குமா தெரியாது?" என்று எரிந்து விழுந்தேன்.

ஆட்டுப் பாட்டுக்காரன் எழுந்தான். "சோத்துக்கைன்னா புஸ்தகப் பாட்டு டீச்சர். இது நாங்களே எழுதுனது."

நாற்காலியில் இருந்த பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சாயங்கால ரயில் கூவிக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனது. முதல் பெஞ்சுப் பிள்ளைகளின் பாட்டே அப்போது இன்னும் முடியவில்லை.