சிறுவாடு மேடையேறிய நாள்

பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிற ஓர் இளைஞனுக்குக் கடலூரில் விருது கொடுத்தார்கள். சின்ன வயது. சொந்தமாகக் கம்பெனி, மேலே கோட்டு, கையில் எந்நேரமும் மைக். சிதம்பரத்தில் என் மகள் படிக்கிற பள்ளியில் சனிக்கிழமைதோறும் வகுப்பெடுத்தவன். நன்றாகத்தான் எடுத்தான், அதை மறுக்க மாட்டேன். அவன் வந்த பிறகு என் மகள் ஒரு பேனா வாங்கக்கூட நாலு கடையில் விலை விசாரித்தாள். ஆனாலும் அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். என் கணவருக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடையில் வேலை. தையல் காசில் வீட்டுச் செலவு போக மிச்சம் பிடிப்பது என் சிறுவாடு. சிறுவாடு இல்லாத பெண்ணை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. அது இருப்பது புருஷனுக்குத் தெரியும். எங்கே, எவ்வளவு என்று மட்டும் தெரியாது. கேட்கவும் மாட்டார்கள். அப்படி ஒரு மரியாதை. நாளைக்கு நமக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று மகளுக்கு மட்டும் இடத்தைக் காட்டி வைப்போம். நானும் காட்டியிருந்தேன். எதற்கென்றும் சொல்லியிருந்தேன். டிகிரியோடு நின்றுபோன நான் பி.எட். சேர வேண்டும், ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக நுழைந்துவிட வேண்டும். வெளியே சொல்லாதே என்று மட்டும் சொல்லவில்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா?

அவனோ, குடும்பத்துக்குள் பணத்தை மறைக்கவே கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

விருது விழாவுக்கு நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். சால்வை போட்டு முடிந்ததும் தன் மாணவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டான். என் மகள் முறை வந்தது.

"உங்க வீட்ல யாரும்மா சேமிக்கிறாங்க?"

"எங்கம்மா சார்."

"எங்க, பேங்க்லயா?"

"இல்ல சார். அரிசி டிரம்முக்கு அடியில, ஒரு டப்பால. முப்பத்திரெண்டாயிரம் இருக்கு. அது எதுக்குன்னா சார்..."

அதற்குள் கைதட்டல். "பாத்தீங்களா, இவங்கதான் நெஜமான நிதியமைச்சர்!" என்று சொல்லி மைக்கை அடுத்த பிள்ளையிடம் நீட்டிவிட்டான். ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வரிசையில் இருந்த பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் சாவு வீட்டில் பிடிப்பதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் கணவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் சந்தோஷப்பட்டார். அவருடைய தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீருக்கு வழியில்லாமல் முழித்துக்கொண்டிருந்த நேரம் அது. திரும்பி வரும்போது, பஸ் பரங்கிப்பேட்டை ரோட்டைத் தாண்டுவதற்குள் தங்கைக்கு போன் போட்டுவிட்டார்.

"சீரப் பத்தி கவலப்படாத பாப்பா. அண்ணன் ஜாம்ஜாம்னு செய்றேன்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

"அது பி.எட். பீஸுங்க. இந்த மாசம் கட்டியாவணும்," என்றேன்.

"நீ அடுத்த வருஷம் கட்டிக்க. சீர அடுத்த வருஷமா செய்ய முடியும்? மேடையில சொல்லி ஊருக்கே தெரிஞ்சி போச்சி. இனிமே இல்லன்னு சொன்னா எவன் நம்புவான்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

திருவந்திபுரத்தில் மண்டபம். மோதிரம், பட்டுப்பாவாடை, வரிசையாகத் தட்டுகள். 'சீருன்னா இது சீரு' என்று நாத்தனாரின் மாமியார் மெச்சினாள். நான்தான் முதல் தட்டை ஏந்தி முன்னால் நடந்தேன். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான், சிரித்தேன். பி.எட். கடைசித் தேதி அதற்கு முந்தின நாளே போய்விட்டது.

மனசு ஆறாமல் ஒருநாள் அந்த இளைஞனுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"பேங்க்ல போட்டிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காதே மேடம்?"

"பேங்க் மெசேஜ் அவரு போனுக்குத்தான் தம்பி போவுது."

உடனே, "நல்ல பாயிண்ட் மேடம். அடுத்த பேட்ச்ல சேத்துக்கறேன்," என்றான். என் ஒரு வருஷம் அவனுக்கு ஒரு பாயிண்ட்.

மகளை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்தாள். எனக்கும் அவள் அப்பாவுக்கும் நடந்த பேச்சு முழுவதையும் பஸ்ஸில் என்னை ஒட்டி உட்கார்ந்து கேட்டவளும் அவள்தான். இப்போது சனிக்கிழமை வகுப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நான் மறுபடியும் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். போன வாரம் தையல் கூலியை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து வந்தவள், என் கையில் நோட்டைப் பார்த்ததும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் பாக்கலம்மா. யாராவது கேட்டா சொல்லிடுவேன். நீ வச்சிட்டுக் கூப்புடு."