ஈயம் ஊற்றிய கை

ஷார்ஜா தொழில்பேட்டையில் பம்பு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்த அழகுமலையிடம் ஒருநாள் முதலாளி சதக்கத்துல்லா ஒரு வரைபடத்தை நீட்டினார். குறிபார்த்துச் சுடும் கிளப்பில் உறுப்பினரான ஹம்தான் என்ற ஓய்வுபெற்ற என்ஜினியர், தன் ரைபிளுக்கென்று தானே வரைந்த ஈயக் குண்டின் அச்சு அது. இரண்டு பித்தளைப் பாதிகள். மூடினால் நடுவில் குண்டின் வடிவில் ஒரு வெற்றிடம். அனுமதிக் கடிதமெல்லாம் சரியாக இருந்தது.

வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றான் அழகுமலை. முடி கனம்கூடப் பிசகக்கூடாத வேலைக்கு உன்னை விட்டால் ஆளேது என்று அவர் மெஷினருகே வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பது நாளில் முடித்தான். சோதனைக்கு ஈயத்தை உருக்கி ஊற்றி, ஆறவிட்டு அச்சைத் திறந்தான். பளபளவென்று குண்டு துணியில் விழுந்தது. உருகிய ஈயத்தின் வாசனையில், பட்டறையின் இரைச்சலுக்கு நடுவே, மக்காச்சோளத் தோகை உரசும் சத்தம் கேட்டது.

சிறுமலை அடிவாரத்தில் அவனுக்குப் பத்தொன்பது வயது அப்போது. ஐடிஐ மாணவன். காட்டுப்பன்றிக்காக அண்ணன் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியில் இரும்புச் சில்லு போட்டுச் சுட்டால் பன்றி காயத்தோடு ஓடிவிடும். அழகுமலை மாக்கல்லில் ஓர் அச்சுக் குடைந்து, ஈயம் ஊற்றி ஐந்து உருண்டைகள் செய்துகொடுத்தான். மறுநாள் சாயங்காலம் சோளக்காடு அசைந்தது, அண்ணன் சுட்டான். உள்ளே புல் அறுத்துக்கொண்டிருந்தவள் அதே ஊர் வீரம்மாள். சில்லாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உருண்டை யார் செய்தது என்று போலீஸ் கேட்டபோது, சந்தையில் வாங்கினேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் ஐந்து வருஷம் உள்ளே இருந்தான். தம்பி படித்து முடித்து விமானம் ஏறினான்.

ஹம்தானுக்கு அச்சு பிடித்துப்போயிற்று. அவர் நண்பர்களும் கேட்டார்கள். ஏழெட்டு அச்சுகள் ஆயின. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஹம்தான் அவனைத் தன் வண்டியிலேயே பாலைவனத்துக்கு அழைத்துப்போனார். ஆயிரம் மீட்டர் தள்ளி ஓர் இரும்புத் தகடு. அவர் விசையை அழுத்தினார். குண்டு தகட்டைத் தொடவே மூன்று விநாடி ஆயிற்று. அந்த மூன்று விநாடியும் தொலைநோக்கியில் அழகுமலை கண்டது தகட்டை அல்ல. குனிந்திருந்த ஒரு முதுகை. கூப்பிட்டால் கேட்கும் என்பதுபோல வாயைத் திறந்தான். டங்கென்று சத்தம் வந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். என்னாச்சு பாய் என்று அவர் இந்தியில் கேட்டார். வெயில் என்றான்.

அன்று மதியமே ஊர்க்காரர் ஒருவரிடம் வீரம்மாளின் மகன் விமலின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டான். தான் யார் என்று சொன்னான். அந்த உருண்டையைச் செய்தது நான்தான் என்றான்.

எதிர்முனையில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"தெரியும்ணே. ஆஸ்பத்திரியில உருண்டைய எடுத்ததும் எங்கப்பா வாங்கிப் பாத்தாரு. அச்சு ரெண்டும் ஒட்டுன கோடுகூட இல்ல, இவ்வளவு சுத்தமா செய்யுறவன் ஊர்ல ஒருத்தன்தான்னாரு."

"போலீஸ்ல சொல்லலையா?"

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னாரு. ஒவ்வொரு பொங்கலுக்கும், அவன் ஊருக்கு வந்திருக்கானாடான்னு கேப்பாரு. போன மாசியிலதான் செத்தாரு."



"லீவுல வந்தா வீட்டுக்கு வாங்கண்ணே," என்றான் விமல். "நான் இருப்பேன்."

குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அழகுமலை அதைப் பலமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. இனி அச்சு வேலை வேண்டாம் என்று சதக்கத்துல்லாவிடம் சொல்லிவிட்டான். காரணம் கேட்காமல் அவர் தலையாட்டினார். லீவுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. சாமான் கட்டும்போது, அந்த வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது என்று ரூமில் இருப்பவர்களைக் கேட்டான். எந்த வீட்டுக்கு என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.